வலைக்கயிறு கட்டிய கண்ணாடி

கண்ணாடிக் கடைக்காரனுக்கு வெள்ளெழுத்து வந்த பெரியவர்கள் படியளக்கும் தெய்வங்கள். கிட்டப்பார்வை வந்த பதினைந்து வயதுக்காரர்களோ ஏழரைச் சனி. திருநள்ளாற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் கடை வைத்திருந்தும் இந்தச் சனிக்கு எனக்குப் பரிகாரம் கிடைக்கவில்லை. வீட்டில் அந்த வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்கிற அதே ஆள்தான் என் கடையில் மூன்று மணி நேரம் நிற்பது.

ஒப்பித்த எழுத்துகள்

யாழினியைக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து அவள் அப்பா கூட்டி வந்திருந்தார். ஃபைபர் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். பிளஸ் ஒன் படிக்கும் மகள் போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தாராம். அதைவிடப் பெரிய கவலை, அவள் வாலிபால் டீமை விட்டே விலகப்போகிறேன் என்று ஒரு வாரமாக அழுவது. வருகிற பந்தையெல்லாம் கோட்டை விடுகிறாள். "கண்ணுல ஒண்ணுமில்ல அங்கிள், எனக்கு விளையாட வரல, அவ்ளோதான்" என்றாள்.

எழுத்து அட்டையைக் காட்டினேன். கடைசி வரி வரை கடகடவென்று வாசித்துவிட்டாள். எனக்குச் சந்தேகம். அடுத்த கண்ணை மூடச் சொல்லி, அவள் குனிந்த நேரத்தில் அட்டையைத் திருப்பி மாட்டினேன். அந்தப் பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்து. அவள் அசராமல் மறுபடியும் ஏ, பி, சி எழுத்துகளையே ஒப்பித்தாள். தனக்கு முன்னால் வந்தவர் வாசித்ததைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள்! அவள் அப்பாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. என்னிடம் சொன்னார்: "காதுல ஒரு குறையும் இல்ல சார், அதையும் எழுதிக்குங்க."

குறை இல்லாத குறை

இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை. யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு ஃபிரேம் வேண்டும் என்று யாழினி விசும்பிக்கொண்டிருந்தபோது, பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்த ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. அப்பா, அம்மா, அக்கா மூவரும் கண்ணாடி. பதினான்கு வயதுப் பையன் மட்டும் வெறும் முகம். இருப்பதிலேயே பெரிய கறுப்பு ஃபிரேமாக எடுத்து மாட்டிக்கொண்டு, ஊரெல்லாம் தெரிகிற மாதிரி செல்ஃபி எடுத்துத் தள்ளினான். சோதித்தேன். கழுகுக் கண்.

யாழினி அழுகையை நிறுத்திவிட்டு, "வேணும்னே போடுவாங்களா!" என்று வாயைப் பிளந்தாள். பையனின் அம்மா பெருமூச்சு விட்டார்: "ஃபேமிலி போட்டோல இவன் மட்டும் தனியா தெரியிறானாம், கண்ணு நல்லா இருக்குன்னு ஒரே அழுகைங்க."

முடிச்சு

யாழினி ஒருவழியாக ஒரு ஃபிரேமுக்குச் சம்மதித்தாள்; ஆனால் இன்னொரு பயம் பாக்கி இருந்தது. எகிறிக் குதித்தால் கண்ணாடி பறந்து எல்லோரும் சிரிப்பார்களே! கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் கட்டக் கடையில் இருந்த நாடாக்கள் எதுவும் அவளுக்கு இறுக்கமாக நிற்கவில்லை. அவள் அப்பா பைக்குள் கைவிட்டு, கிழிந்த வலையைப் பொத்துகிற பச்சை நைலான் கயிற்றை எடுத்தார். என் மேஜையிலேயே உட்கார்ந்து வலை முடிச்சுப் போட்டு ஒரு பட்டை பின்னிவிட்டார். கண்ணாடியை மாட்டி அவளைத் தலையை ஆட்டச் சொன்னார். ஆட்டினாள். அசையவில்லை.

சனிக்கிழமை இந்த வருஷத்து டீம் செலக்‌ஷன். வியாபாரம் நடக்கும் நாளில் கடையைப் பூட்டிவிட்டு வாலிபால் பார்க்கப் போனவன் காரைக்காலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதல் பந்து அவளை நோக்கியே வந்தது. அவள் இரண்டடி பின்னால் போய், அளந்து வைத்த மாதிரி எடுத்துக் கொடுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். அதற்கடுத்ததும் தப்பவில்லை. டீமில் அவள் பேரை வாசித்ததும் பந்தோடு என்னிடம் ஓடி வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நானே என் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று. அவள் மூச்சு வாங்கக் கத்தினாள்: "பந்துல தையல் இருக்கு அங்கிள், இப்பதான் பாக்கறேன்! எனக்கு விளையாட வருது அங்கிள்!"

திங்கட்கிழமை

அவள் டீமில் இருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். மூவருக்கும் அட்டையின் மேலே இருக்கும் மிகப் பெரிய எழுத்தே தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினார்கள், கசக்கினார்கள். ஊருக்கே தொற்று வியாதி வந்துவிட்டதோ என்று பயந்தேன். அதற்குள் ஒருத்தி கடைக்கோடியில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, "ஏய், டியூஷனுக்கு ஏழு நிமிஷம்தான்டி இருக்கு" என்றாள். நான் முறைத்தேன். அவள் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னாள்: "சரி அங்கிள், கண்ணாடிகூட வேணாம், யாழினி கட்டிருக்க அந்தப் பச்சைக் கயிறு மட்டும் குடுங்க."

கண்ணாடி வேண்டாம் என்று பொய் சொன்னவளையும் வேண்டும் என்று பொய் சொன்னவர்களையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்துவிட்ட எனக்கு, கடைசியில் மிஞ்சியது கிளிஞ்சல்மேட்டில் கயிறு பின்னித் தரும் ஒரு பார்ட்னர்தான்.