பயறுக்கு அடித்த பெட்டி

“…பொணத்துக்குப் பொட்டி அடிச்சுப் பாத்திருக்கேன், பயறுக்குப் பொட்டி அடிச்சு இன்னைக்குத்தான் பாக்குறேன். ஏன்டி பாக்கியம், உன் பயறு செத்தா போச்சு?”

பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றுகொண்டு செல்லாயி அக்கா இப்படிக் கேட்டார். வெளியே நல்ல மழை. அவர் இடுப்பில் பையன் முத்து, முதுகில் கொழுந்துக் கூடை, தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் கறுப்புக் கம்பளி. நான் உள்ளே குந்தி உட்கார்ந்து, பழைய தேயிலைப் பெட்டி ஒன்றுக்குள் காய்ந்த மானாப் புல்லைத் திணித்துக்கொண்டிருந்தேன். அன்று பகலுக்குள் பயறு வெந்தால் எனக்கு வேலை நிற்கும். வேகாவிட்டால் வேலை போகும், அதோடு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நாங்கள் இருந்த காம்பராவும் போகும்.

ஒரு சட்டிப் பயறுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். நான் அந்தப் பிள்ளைக் காம்பராவிலேயே ஆயாவாக இருந்து, தலை நரைத்து ஓய்ந்தவள். அடுப்படிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம், “ஆயா, இது ஏன் வேகல, அது ஏன் பொங்கல?” என்று இப்போதும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கதைக்கு நடுவே கைக்கு உதவுகிற விஷயங்களும் வரும், பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

தப்புக்கு ஏற்று, சங்குக்கு இறக்கு

நான் இலங்கையில் மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. கல்யாணத்துக்கு முன்பே அங்கே ஆயாவாக வேலை பார்த்தேன். எங்கள் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. விடியற்காலை வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு மேளம் அடிப்பார்கள். காலைக் கொழுந்து நிறுக்கும்போது தேயிலைப் பெக்டரியில் சங்கு ஊதுவார்கள். தோட்டத்துப் பொம்பிளைகளுக்குச் சமையல் நேரமெல்லாம் அந்தச் சத்தங்களில்தான். தப்புச் சத்தத்துக்குப் பயறை அடுப்பில் ஏற்றுவேன், சங்குச் சத்தத்துக்கு இறக்குவேன். பயறு பூவாக மலர்ந்திருக்கும். ஒரு நாள் பிசகினதில்லை.

பிறகு கல்யாணமாகி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், இறம்பொடைக்கு மேலே குளிர்ந்த மலைத் தோட்டம் ஒன்றுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வந்த கொஞ்ச நாளிலேயே சரிவில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் வேலை நின்றுபோனது. பிள்ளைக் காம்பராவில் என்னைத் தற்காலிக ஆயாவாகச் சேர்த்திருந்ததால்தான் லயத்தில் எங்களை இருக்க விட்டார்கள்.

எனக்கு முன்னிருந்த ஆயா பிள்ளைகளுக்கு வெறும் அரிசிக் கஞ்சிதான் ஊற்றினாராம். நான் சேர்ந்த நேரம் பார்த்து டிஸ்பென்சர் ஐயா வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியும் பிள்ளைக் காம்பராவும் அவர் பொறுப்பு.

“புள்ளைங்க எல்லாம் வெளுத்துப்போய்க் கெடக்குதுங்க. இனிமே பகலுக்குப் பயறுக் கஞ்சி. காலையில அளந்து தாறேன். ஆக்கத் தெரியுமில்ல?”

“மாத்தளையில நான் ஆக்காத பயறாங்க ஐயா!”

தப்புக்கு ஏற்றினேன், சங்குக்கு இறக்கினேன். தண்ணீர் தளதளவென்று கொதித்திருந்தது. பயறு மட்டும் அப்படியே இருந்தது.

வயிற்றுக்குள் கோலிக்குண்டு

பிள்ளைகள் துப்பின. துப்பத் தெரியாதவை விழுங்கிவிட்டுச் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதன. மறுநாள் காலை செல்லாயி அக்கா வந்தார். மேல் லயத்துப் பொம்பிளைகளுக்கு அவர் சொன்னதுதான் சட்டம்.

“ஆயா, எம் புள்ள நேத்து ஓடி வந்தான். வயித்துக்குள்ள கோலிக்குண்டு குலுங்குற சத்தம் கேட்டுச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அன்றைக்கு விறகைக் கூட்டி வைத்தேன். மழைக்காலத்துக் கவ்வாத்து மிளாறு, ஈரம். புகைந்ததே தவிர எரியவில்லை. பயறு பழசு என்று கடைக்காரர் மேல் பழி போட்டேன். பழசுதான், பொய்யில்லை. பழைய பயறு வேக நேரமெடுக்கும், அதனால் வாங்கும்போதே ஒன்றைக் கடித்துப் பாருங்கள், பல்லில் மாவு ஒட்டினால் புதுசு. ஆனால் மாத்தளையிலும் பழைய பயறைத்தான் ஆக்கினேன்.

மூன்றாவதாக அப்பச்சோடாவில் கை வைத்தேன். பயறு கரைந்தது என்னவோ உண்மை. கஞ்சி மட்டும் பாசி பிடித்த தண்ணீர் நிறத்துக்கு வந்தது. செல்லாயி அக்கா பையன் வாயை மோந்து பார்த்தார்.

“அன்னைக்குக் கல்லு, இன்னைக்குச் சவுக்காரம். நாளைக்கு என்ன ஆயா, சீமெண்ணெயா?”

சோடா போட்டே ஆகவேண்டும் என்றால் ரெண்டு விரல் நுனியில் ஒட்டுகிற அளவுக்கு மேல் போடாதீர்கள். குழந்தைகள் சாப்பாட்டுக்கு அதுவும் வேண்டாம்.

அந்த வாரமே டிஸ்பென்சர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாக்கியம், வியாழக்கிழமை தொரை காம்பராவ பாக்க வர்றாரு. மேல் லயத்துக்காரங்க புள்ளைங்கள அனுப்ப மாட்டோம்னு சொல்றாங்க. காம்பரா காலியாக் கெடந்தா வேற ஆயா போடச் சொல்லுவாரு. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

சுடச்சுடத் தேத்தண்ணி

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றினேன். என் வீட்டுக்காரர் காலை நீட்டிப் படுத்தபடியே வாங்கி, அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு மடக்கென்று குடித்தார்.

“பதறாமக் குடிங்க, நாக்கு வெந்துரும்.”

“இங்க எங்க வேகுது? மாத்தளையில இப்பிடி இறக்குன கையோட குடிச்சா ரெண்டு நாளைக்கு ருசி தெரியாது. இந்த மலையில கொதிக்கிற தண்ணிக்குக் காரமே இல்ல புள்ள. கொதிக்கிற மாதிரி நடிக்குது.”

சிரித்துக்கொண்டு திரும்பினவள் அப்படியே நின்றேன். கொதிக்கிற மாதிரி நடிக்குது. என் பானையிலும் அதுதானே நடக்கிறது! உயரமான மலையில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதிப்பில் முழுச் சூடு இருக்காது. இதற்குக் காரணத்தைப் பிற்காலத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எனக்கு விளக்கினார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கீழே ஒரு சங்குக்கு வெந்தது, மேலே அதே சங்குக்கு வேகாது. லயத்தில் திருவிழாவுக்குப் பயறு அவிப்பவர்கள் இராத்திரி முழுக்க அடுப்பிலேயே போட்டு வைப்பார்கள், அதனால் அவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்ததேயில்லை.

ஆகவே கீழ் நாட்டிலிருந்து மேலே வாழ்க்கைப்படுகிற பிள்ளைகளே, சோறு நடுவில் அரிசியாக நின்றால் உங்கள் கைராசியைப் பழிக்காதீர்கள். வழக்கத்தைவிட அரைச் சுண்டு, பால் டின்னில் பாதி, தண்ணீர் கூட வையுங்கள். மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வையுங்கள், ஆவி வெளியே போகாது. இறக்கினதும் திறக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள். பருப்பு, பயறு, கடலை எதற்கும் முதலில் உப்புப் போடாதீர்கள், விரலால் நசுக்கினால் மசிகிற பதம் வந்த பிறகுதான் உப்பு. நடுவில் தண்ணீர் வற்றினால் பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது, பக்கத்தில் சுடுதண்ணீர் இருக்கட்டும். நான் மாத்தளைப் பழக்கத்தில் முதலிலேயே உப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். குளிருக்குத் தேங்காய்ப்பால் சட்டென்று திரளும், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள். ரொட்டி மாவுக்கும் அதே வெதுவெதுப்பான தண்ணீர்தான், சாயங்காலம் வரைக்கும் ரொட்டி மெத்தென்று இருக்கும்.

டிஸ்பென்சர் ஐயாவிடம் போய், பயறை முதல் நாளே தரும்படி கேட்டேன்.

“ஏன், ராத்திரி வீட்டுல அவிச்சுத் திங்கவா?”

“ஊற வைக்கங்க ஐயா. ராத்திரி பூரா ஊறினா மறுநாளு வேகும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சரி. வியாழக்கிழமைக்கு மட்டும். அப்பவும் வேகலைன்னா ஒன் பாடு.”

பெட்டி

ஊற வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு நீண்ட நேரம் சூடு வேண்டும். ஈர விறகோ பானையைக் கொதிக்க வைப்பதற்குள் தீர்ந்துவிடும்.

வழி காட்டியது செல்லாயி அக்காவின் கம்பளிதான், அவருக்கே தெரியாமல். பகலில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வருவார். வாசலில் உட்கார்ந்து, கம்பளித் தலைப்பில் சுருட்டி வைத்திருந்த தேத்தண்ணிப் போத்தலை அவிழ்ப்பார். விடியற்காலை ஊற்றின தேத்தண்ணி, மூடியைத் திறந்தால் ஆவி வரும். அந்தக் கம்பளியை அவர் யாருக்கும் கடன் கொடுத்ததில்லை. மழையில் மாட்டிக்கொண்ட ஒருத்தி கேட்டபோது சொன்னாராம்: “தாலியக் கேளு, கழட்டித் தாறேன். கம்பளியக் கேக்காத.” அதில் தப்பொன்றும் இல்லை. அந்த மலையில் மழைக்காலத்தில் கம்பளி இல்லாமல் கொழுந்து பறிக்க நிரையில் நிற்பவள் சாயங்காலம் பல் கிட்டித்தான் வீடு வருவாள்.

போத்தலுக்கு ஆகிறது பானைக்கு ஆகாதா? பெக்டரியில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும், சூடு சிதறாது. அடியிலும் பக்கத்திலும் மானாப் புல். முதலில் சோதனைக்கு, வீட்டுக்கு வாங்கி ஊற வைத்த பயறை ஒரு பால் டின் அளவு சின்னச் சட்டியில் போட்டு, நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டு, திறக்காமல் இறக்கி, வீட்டுக்காரர் கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, மேலே புல்லையும் பலகையையும் போட்டு அமுக்கினேன். அடுப்பில் நெருப்பில்லை. சங்கு ஊதினதும் திறந்தால் பயறு மலர்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் ஒரு கரண்டி தின்றுவிட்டு, “பயறு வேகுது, எனக்குத்தான் குளிருது” என்றார்.

இதைச் செய்து பார்க்கிறவர்கள் மூன்றை மறக்காதீர்கள். பெட்டிக்குள் வைக்கும் முன் முழுக் கொதி வர வேண்டும், வெறும் சூடு போதாது. எடுத்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் இன்னொரு கொதி விடுங்கள். நடுவில் ஆசைக்குக்கூடத் திறக்காதீர்கள், திறந்தால் சூடு போய்விடும்.

வியாழக்கிழமைக்கு எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் முதல் நாள் இரவு அடித்த மழையில் எங்கள் தகரக் கூரை ஒழுகி, கம்பளி தொப்பலாக நனைந்துவிட்டது. ஈரக் கம்பளி சுற்றினால் இருக்கிற சூட்டையும் குடித்துவிடும். பிள்ளைக் காம்பராவில் தொட்டில் துணிகூடக் காயவில்லை. பெரிய பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, விறகு முடியும் தறுவாயில் இருந்தது. நான் சுற்ற ஒன்றும் இல்லாமல் புல்லை மட்டும் திணித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் செல்லாயி அக்கா வாசலில் நின்று, என் பயறு செத்தா போச்சு என்று கேட்டார்.

“சாகலக்கா, இன்னும் சரியா வேகல” என்றேன்.

உள்ளே வந்தார். மூடியைத் தூக்கி, கரண்டியால் ரெண்டு பயறை எடுத்து ஊதி, கடித்துப் பார்த்தார்.

“பாதி வெந்திருக்கு. மீதிய யாரு வேக வைப்பா, ஒன் மாமியாளா?”

“பொட்டிதான். கம்பளியில சுத்தி வச்சா பகலுக்குள்ள வெந்துரும், வீட்டுல வச்சுப் பாத்துட்டேன். ராத்திரி எங்க கம்பளி நனைஞ்சு போச்சுக்கா.”

“போத்தலச் சுத்துற மாதிரியா?”

“ஒங்க போத்தலப் பாத்துத்தான் நெனச்சேன்.”

வெளியே நிரைக்குப் போகச் சொல்லிக் கங்காணி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். செல்லாயி அக்கா பெட்டியைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். என் ஈரக் கண்ணைப் பார்த்தாரோ என்னவோ தெரியாது.

“வேகலைன்னா நாளைக்கு எங்க லயத்துப் புள்ள ஒண்ணும் இங்க வராது, தெரியுமில்ல?”

“தெரியும்க்கா.”

முத்துவை இறக்கி என் மடியில் வைத்தார். கூடையைக் கழற்றினார். தலையிலிருந்த கம்பளியை உருவி, மேல்பக்கத்து மழைத்துளியை வெளியே ஒரு உதறு உதறினார். நான் பானையை இறக்கினதும், காய்ந்து கதகதப்பாக இருந்த உள்பக்கம் பானையில் படும்படி சுற்றினார். மூடிக்கு மேல் தலைப்பை மடித்துச் செருகி, பெட்டிக்குள் இறக்கி, புல்லை முழங்கையால் அமுக்கினார். பலகையை அவரே போட்டார்.

“சங்கு ஊதுறதுக்கு முன்னாடி தொறந்தே, கைய ஒடிச்சுருவேன்.”

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டி, மழைக்குள் இறங்கி மலைக்கு ஏறினார்.