நாகரசம்பட்டியிலிருந்து பெங்களூர்: ஒரு தோல் ஒட்டுக்காகப் போன வழி

கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையைப் பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார். தீக்காயம் பட்ட அம்மாவை அந்த வழியாகப் பெங்களூருக்குக் கூட்டிப்போக வேண்டும், சாலை எப்படி, எங்கே வண்டியை நிறுத்தலாம் என்று. அவசரம் என்பதால் இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டேன். மனம் கேட்கவில்லை. அதே வழியில், அதே காரணத்துக்காக, 1950களின் நடுவில் ஓர் ஆடி மாதம் நானும் போயிருக்கிறேன்.

கூட வந்தவள் என் தங்கை மாதம்மா. வைகாசியில் சிமினி விளக்கு சாய்ந்து அவள் சேலை பற்றிக்கொண்டது. முதுகு முழுக்கப் போய்விட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பேனா மசியைப் பூசினோம், முட்டை வெள்ளையைப் பூசினோம். ஆடி வந்தும் புண் மூடவில்லை, ஆள் பாதியாகிவிட்டாள். கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர், "இதுக்கு மேல தோலு ஒட்டு வெச்சாத்தான் உண்டு. பெங்களூர்ல ஒருத்தர் வெக்கிறாரு, போங்க" என்றார்.

ஒட்டு என்றதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. எங்களுடையது மாந்தோப்புக் குடும்பம். ஆடியில் சாரல் விழுந்தால் எங்களுக்கு ஒட்டுக் கட்டுகிற வேலைதான். கொட்டையில் முளைத்த கன்றைத் தொட்டியோடு தூக்கி, மரத்தையொட்டிக் கட்டிய பரண்மேல் வைத்து, நல்ல மரத்துக் கிளையோடு சீவிச் சேர்த்துக் கட்டுவோம். இரண்டும் ஒன்றாகிவிடும். மரத்துக்கு ஒட்டுவது மனிதனுக்கு ஒட்டாதா, அதுவும் கூடப்பிறந்தவளுக்கு? என் தோலைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நள்ளிரவிலேயே நாகரசம்பட்டியிலிருந்து மாட்டு வண்டியில் கிளம்பி, கிருஷ்ணகிரியில் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தோம். அங்கிருந்து ஓசூர் சுமார் முப்பது மைல், ஓசூரிலிருந்து பெங்களூர் இருபத்தைந்து. மாதம்மாவால் சாய்ந்து உட்கார முடியாது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே வந்தாள். வாடை தாங்காமல் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கண்டக்டர் மட்டும், "அம்மா நிம்மதியா உக்காரட்டும், அந்த சீட்டுக்கு யாரும் வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சூளகிரியில் பஸ் நின்றது. இன்று தொழிற்பேட்டை இருக்கிற பக்கமெல்லாம் அன்று கேழ்வரகுக் காடு. தூறிக்கொண்டிருந்தது. டீ வாங்கிக் குடிக்க வைத்தேன்.

"ஏண்ணா, மாமரத்துக்குக் கட்றாப்பலயேதான் கட்டுவாங்களா?" என்றாள்.

"அப்பிடித்தான். என் தோலை எடுத்து உனக்கு வெச்சிருவாங்க."

"ஒட்டு எந்த மரத்ததோ அந்தக் காய்தானே காய்க்கும். எனக்கு உன்னாட்டம் முதுகெல்லாம் மசுரு மொளைச்சா என்ன பண்றது?"

அத்தனை வலியிலும் அவளுக்குக் கிண்டல் போகவில்லை. நானும் சிரித்தேன். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

பெங்களூர் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. தீக்காயத்துக்கென்று ஆஸ்பத்திரியின் பின்புறம் தனியாக ஓர் ஓட்டுக் கட்டடம். மற்ற வார்டுகளில் வாடை என்று சேர்க்க மறுத்தபோது, பெரிய டாக்டர் சண்டை போட்டு வாங்கிய இடமாம் அது. யுத்தத்தின்போது பர்மா எல்லையில் எரிந்த டாங்கியிலிருந்து இழுத்துப்போட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். ஊதா மருந்தைப் பூசிக் காய வைக்கிற பழைய வழக்கத்தை இங்கே நிறுத்தியவரும் அவர்தான் என்று நர்ஸம்மா சொன்னார். தினமும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்து, ஒட்டிய துணியை ஊறவைத்துத்தான் எடுப்பார்கள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக மாதம்மா கத்தாமல் கட்டுப் பிரித்தது அங்கேதான்.

டாக்டர் ஐம்பதைத் தொட்ட ஒல்லியான மனிதர். கன்னடம் கலந்த தமிழ். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மரத்துக்கு வேறே மரம் ஒட்டும். மனுஷனுக்கு ஒட்டல்லப்பா. ரெண்டு மூணு வாரம் இருக்கும். அப்புறம் உடம்பு பேடா, வேண்டாம்னு தள்ளிடும். அவ தோலுதான் அவளுக்கு."

"கூடப்பிறந்தவன் தோலுகூடவா சாமி?"

அவர் தன் பேன்ட்டைத் தொடையருகில் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு தழும்பு இருக்கு. ஒரு சிப்பாய், சின்ன வயசு. அவன் தோலு எல்லாம் போயிருச்சு. உன்னாட்டமேதான் நானும் நெனச்சேன், என் தோலைக் குடுத்தேன். நல்லாத்தான் பிடிச்சுது. அப்புறம் உதிர்ந்துபோச்சு. அவனும் போயிட்டான்."

மாதம்மாவின் தொடையில் நல்ல தோல் இருந்தது. ஆனால் இப்போது எடுத்தால் அதைத் தாங்குகிற ரத்தம் அவள் உடம்பில் இல்லை. புண் திறந்தே கிடந்தால் ரத்தம் ஊறவும் போவதில்லை. இதையும் அவரே விளக்கினார்.

"அப்ப அந்த மூணு வாரமாச்சும் என் தோலு மேல கெடக்கட்டும் சாமி. அதுக்குள்ள அவ தேறிக்குவா" என்றேன்.

அவர் எழுந்து வந்து என் தொடைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு, "நானும் அதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

நீளமான கத்தியால் வெங்காயத் தோல் கனத்துக்கு என் இரண்டு தொடையிலும் சீவி எடுத்தார்கள். முதல் கட்டுப் பிரித்த அன்று மாதம்மாவின் முதுகில் அது இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. "ஒட்டிக்கிச்சாண்ணா?" என்று குப்புறப் படுத்தபடியே கேட்டாள். "ஒட்டிக்கிச்சு கண்ணு" என்றேன். உதிரப்போவதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. வலி குறைந்தது, கஞ்சி குடித்தாள், டாக்டர்கூடக் கொஞ்சம் நம்பினார். அடுத்த வாரம் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இரண்டே நாளில் முடிந்துவிட்டது.

வாடகை வேனில் அவளைக் கிடத்திக்கொண்டு திரும்பினோம். ஓசூர் எல்லையில் போலீஸ் நிறுத்தினார்கள். அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. பெங்களூர் இருந்த மைசூர் ராஜ்யத்துப் பக்கமிருந்து வருகிற வண்டியெல்லாம் சோதனை. கட்டுத்துணியின் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் போலீஸ்காரர், "பாட்டில் எங்கே வெச்சிருக்கே?" என்றார். அவள் முகத்தின் மேலிருந்த துணியை நானே விலக்கிக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, டிரைவரிடம் "மெதுவா ஓட்டிக்கிட்டுப் போப்பா" என்று மட்டும் சொன்னார்.

கேட்டவருக்கு இப்போது பதில். சாலை அகலமாக இருக்கிறது. நெரிசல் இல்லாத வேளையில் கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் பெங்களூர் போய்விடலாம். வண்டியை நிறுத்துவதானால் சூளகிரியில் நிறுத்துங்கள், டீ கிடைக்கும். அத்திப்பள்ளி தாண்டினால் மாலையில் வண்டி நகராது, காலையிலேயே கிளம்புங்கள். தீப்பட்ட உடனே சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மசி, பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். நாள் கடத்த வேண்டாம்; நாங்கள் கடத்தியதுதான் அவளைக் கொன்றது. இப்போது தோல் வங்கி வந்துவிட்டது. இறந்தவர்களின் தோலைப் பத்திரப்படுத்தி, அன்று என் தோலைப் போர்த்தியது போலவே காயத்தின் மேல் போர்த்துகிறார்கள். அந்த மூன்று வாரத்தில் எத்தனையோ பேர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

மாதம்மாவை இன்னொரு முறை நெருப்புக்குக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தோப்போரத்தில் புதைத்தோம். டாக்டர் உதிரும் என்று சொன்ன நாள் வருவதற்குள் அவள் போய்விட்டாள். நான் கட்டிய ஒட்டுகளில் எத்தனையோ பட்டுப்போயிருக்கின்றன. அவள் முதுகில் வைத்தது மட்டும் கடைசிவரை உதிரவே இல்லை.