எல்லாம் செய்யும், டாக்டர்

காசிமேட்டு மீன் சந்தையில் ஆலிஸ் வாயைத் திறந்தால் நேற்று வந்த வஞ்சிரமும் இன்று பிடித்ததாகிவிடும். தன் சரக்கைத் தானே குறை சொல்லும் மீன்காரி எங்கே இருக்கிறாள்? அதில் தப்பே இல்லை. தப்பு, அதே வாயோடு மகளை மருத்துவ முகாமுக்குக் கூட்டிப் போனது.

மகள் கரோலின் ராயபுரத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடை தள்ளாடும், கைவிரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. தெருவில் எவளாவது “பாவம்” என்று உச்சுக்கொட்டினால் ஆலிஸ் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். “எம்பொண்ணுக்கு இன்னாடி கொறைச்சல்?” என்று கேட்டுக் கேட்டே அந்தப் பிள்ளையை வளர்த்தாள்.

முகாமில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவளே முந்திக்கொண்டாள். “தானே சாப்டும் டாக்டர். தானே பட்டன் போட்டுக்கும். எல்லாம் செய்யும்.” வீட்டில் பழக்கிக் கூட்டி வந்திருந்ததால் கரோலினும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பட்டனைப் போட்டுக் காட்டினாள். பாதிப்பு முப்பது சதவீதம் என்று மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வந்தது. கம்மிதானே என்று ஆலிஸ் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள்.

பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியை சபீஹா தலையில் கைவைத்துக்கொண்டார். “என்னக்கா பண்ணிட்டீங்க? நாற்பதுக்குக் கீழ இருந்தா உதவித்தொகை கிடையாது. பரீட்சையில கூடுதல் நேரம் கிடையாது, அவ சொல்லச் சொல்ல எழுத ஆளும் கிடையாது.”

கரோலின் படிப்பில் கெட்டி. ஆனால் பாதித் தாளை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இப்படியே போனால் பத்தாவது தாண்டுவதே கஷ்டம் என்றார் சபீஹா. மறுபரிசோதனைக்கு மனு போட்டு அனுப்பிவைத்தார். “இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுங்கக்கா.”

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆலிஸ் மனசுக்குள் புலம்பிக்கொண்டே வந்தாள். பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ‘இது வராது, அது வராது’ என்று எந்தத் தாய் சொல்வாள்? பிள்ளையைக் குறை சொன்னால்தான் பிள்ளைக்கு நல்லது நடக்குமாம், இதென்ன நியாயமோ!

“தானே சட்டை மாட்டிக்குவாளா?” என்று கேட்டார் டாக்டர்.

சந்தையையே அதிரவைக்கும் வாய் அங்கே ஒட்டிக்கொண்டது. கரோலின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்கு வராது டாக்டர்,” என்றாள். “அன்னிக்கு ஒரு பட்டன் போட்டது அம்மாவுக்கோசரம். டெய்லி அம்மாதான் போட்டு வுடும். சோறு சிந்தும். பேனா கொஞ்ச நேரத்துல நழுவிடும். இத்தெல்லாம் சொன்னா அம்மா அழுவும். அதான் நானே சொல்றேன்.”

ஆலிஸ் அழத்தான் செய்தாள். பிள்ளை கூசிப்போவாள் என்றுதான் இத்தனை வருஷம் மூடி மறைத்தாள். பிள்ளைக்கு ஒரு கூச்சமும் இல்லை, கூச்சமெல்லாம் தனக்குத்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமா டாக்டர், அது சொல்றது நெசம்,” என்றாள். சொன்ன பிறகு மூச்சு நன்றாக வந்தது.

புதுச் சான்றிதழ் நாற்பதைத் தாண்டி வந்தது. சபீஹா இருவரையும் உட்காரவைத்து, பள்ளியில் கரோலினுக்கான உதவித் திட்டத்தை எழுதத் தொடங்கினார். “பரீட்சைக்கு என்ன உதவி வேணும்?”

ஆலிஸ் வழக்கம்போல முந்திக்கொண்டு வாயைத் திறந்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “நீயே சொல்லு.”

“எழுதறதுக்கு மட்டும் ஆள் வோணும் டீச்சர்,” என்றாள் கரோலின். “பதில் எல்லாம் எனக்குத் தெரியும்.”