மதிப்பெண் பட்டியல் கேட்ட சுற்றறிக்கை

தாலுகா அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டி, சிரஸ்தேதாராக ஓய்வு பெற்ற ஒருவனிடம் பள்ளித் தோழர்களைக் கூட்டும் பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. நான் சுற்றறிக்கை தயாரித்தேன்.

எங்கள் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு பிரிந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது என்று கண்டுபிடித்தவன், மைசூர் விஜயநகரில் புது வீடு கட்டிக் குடிபோயிருந்த என் நண்பன். "எல்லாரையும் நம்ம வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு ஊட்டா சமைச்சுப் போட்டா முடிஞ்சுது" என்றான். அப்படி முடித்துவிடலாமா? வருகிறவர்களின் கருத்தை அறியாமல் எதையும் தீர்மானிப்பது முறையல்ல. பதினோரு கேள்விகளைத் தட்டச்சு செய்து, பதிலுக்குப் போஸ்ட்கார்டும் இணைத்து, ஆளுக்கொன்று அனுப்பினேன்.

பதில்கள் வரத் தொடங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டம் போட்ட பெரிய தாளில் ஒவ்வொன்றையும் ஏற்றினேன். ஒன்பது பேர் தங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிவித்திருந்தார்கள். இனிப்பு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அதே ஒன்பது பேரும் மைசூர்பாக் என்று எழுதியிருந்தார்கள். மேடைப்பேச்சு வேண்டாம் என்பதில் வகுப்பே ஒருமனதாக இருந்தது. 'நீங்கள் பேச விரும்புகிறீர்களா?' என்ற அடுத்த கேள்விக்கு ஒருவர் விடாமல் பத்து நிமிடம் கேட்டிருந்தார்கள். கணக்கு வாத்தியார் வருவதாக இருந்தால் தான் வரப்போவதில்லை என்று ஒருவன் மிரட்டியிருந்தான். அவர் காலமாகிப் பல வருடம் ஆயிற்று என்று எழுதினேன். மறு தபாலில் சம்மதம் வந்தது, ஆழ்ந்த அனுதாபத்துடன்.

சிலர் தடித்த உறைகளும் அனுப்பியிருந்தார்கள். நண்பன் ஒன்றைப் பிரித்துவிட்டு என்னை முறைத்தான். உள்ளே பச்சை மையில் கையெழுத்தான மதிப்பெண் பட்டியல் நகல். சுற்றறிக்கையின் கடைசி வரியாக, கைப்பழக்கத்தில், 'தேர்ச்சி பெற்றதற்கான மதிப்பெண் பட்டியலின் நகல், கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பத்துடன் இணைக்கப்பட வேண்டும்' என்று நான்தான் அடித்திருந்தேன்.

"ஏன்டா, சாப்பிட வரவனுக்கு அட்டெஸ்டேஷன் எதுக்கு?"

"சம்பந்தமில்லாதவன் யாராவது வந்து உட்கார்ந்தா?"

"நம்ம மூஞ்சியப் பாக்க எவன்டா திருட்டுத்தனமா வருவான்?"

நான் அசரவில்லை. விதி என்றால் விதி. குண்டலுபேட்டையிலிருந்து அந்தக் கார்டு வரும்வரை.

வகுப்பில் இருந்த ஐந்து பெண்களில் ஒருவர் எழுதியது. தமிழை இங்கே பள்ளியில் படிக்காத எங்கள் வழக்கப்படி, தமிழைக் கன்னட எழுத்தில் எழுதியிருந்தார். 'பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கல்யாணம் ஆகிவிட்டது. அதனால் என்னிடம் மதிப்பெண் பட்டியல் இல்லை. வர ரொம்ப ஆசை. விதியில் இடமில்லை என்றால் பரவாயில்லை, யார் யார் வருகிறார்கள் என்று மட்டும் எழுதவும்.'

கார்டை இரண்டு தடவை படித்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குண்டலுபேட்டைக்குக் கிளம்பிவிட்டேன், பட்டியலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வந்தால் போதும் என்று நேரில் சொல்ல.

அவர்களுடையது தானிய மண்டி. நான் யாரென்று சொன்னதுமே கணவர் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே பார்த்துக் கூவினார். "ஏ, மைசூர் ஆபீசர் வந்திருக்காரு! அந்த ரெக்கார்டை எடுத்துட்டு வா!"

என் வகுப்புத் தோழி வெளியே வந்து என்னிடம் நீட்டியது ஒரு பிரமாணப் பத்திரம். கார்டைத் தபாலில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுப் பக்கம் போய், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கியிருந்தார். இன்ன பள்ளியில், இன்ன வகுப்பில் படித்தேன் என்று அவருடைய உறுதிமொழி. கீழே சாட்சியாகக் கணவர்: 'மேற்படியார் பரீட்சை எழுதாமல் போனதற்குக் காரணம் நானே. இது சத்தியம்.'

பழக்க தோஷத்தில் குற்றம் தேடினேன். ஸ்டாம்ப், முத்திரை, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. என் சர்வீஸில் இவ்வளவு சுத்தமான பத்திரம் என் மேஜைக்கு வந்ததில்லை.

"சரியா இருக்கா சார்?" தோழி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்னிக்கு உங்களுக்கு சார் ஆனேன்? மூணாவது பெஞ்சிலேர்ந்து உங்க தாவணியில இங்க் தெளிச்சவன்."

"தெரியும். அதனாலதான் எதுக்கும் இருக்கட்டும்னு பக்காவா பண்ணி வெச்சேன்."

கணவர் மூட்டை மேல் தட்டித் தட்டிச் சிரித்தார். தேவையே இல்லை என்று சொல்ல வந்தவனுக்கு, அந்த உழைப்பைப் பார்த்தபின் அதைச் சொல்ல மனம் வரவில்லை. கல்லாவிலிருந்து பேனாவை வாங்கி, பத்திரத்தின் ஓரத்தில் 'பரிசீலித்து ஏற்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். தோழி அதை வாங்கி, மை காய ஊதி ஊதி, நான்காக மடித்துக்கொண்டார்.

"அப்போ நான்?" என்றார் கணவர். "நானும் வரலாமா, இல்ல அதுக்கும் ரூல் இருக்கா?"

இருந்தது. கணவன் மனைவியரை அழைக்கலாமா என்ற கேள்விக்கு, பெரும்பான்மையினர் 'வேண்டவே வேண்டாம்' என்று அடிக்கோடிட்டே எழுதியிருந்தார்கள்.

சாட்சி நேரில் ஆஜராவது கட்டாயம் என்று சொல்லிவிட்டேன்.