சோப்பு போட்ட வில்

என் அத்தை பகலில் பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக்கொடுப்பாள். கோடையில் நடக்கும் கலைவிழாவில் சிம்பொனி இசைக்குழுவின் இரண்டாம் வயலின்களில், கடைசி வரிசையில் உட்காருவாள். அந்த நாற்காலிக்காகத்தான் மற்ற மாதங்களை அவள் ஓட்டினாள் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வருடம் குழுவுக்குப் புதிய இசை நடத்துநர் வந்தார். முதல் ஒத்திகையில், நூறு பேரும் ஒரே நேரத்தில் கையை நிறுத்த வேண்டிய ஓர் இடம் வந்தது. நிறுத்தினார்கள். அந்த அமைதியில் அத்தையின் ஸ்வரம் மட்டும் கீச்சென்று தனியாகக் கேட்டது. ஊதுகுழல்காரர்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். நடத்துநர் சிரிக்கவில்லை. இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

வில்லில் கட்டியிருக்கும் குதிரைமுடியில் ரோசின் என்ற பிசினைத் தேய்த்தால்தான் அது தந்தியைப் பிடிக்கும், சத்தம் வரும். அதற்குப் பதிலாகச் சோப்பைத் தேய்த்துக்கொண்டு வரச் சொன்னார். வில் வழுக்கிக்கொண்டு போகும். பார்க்கிறவர்களுக்கு வாசிப்பதுபோலவே இருக்கும்.

"உங்களை அனுப்பிடலாம். ஆனா மேலேர்ந்து கேமரா எடுக்குது. காலி நாற்காலி பல்லு விழுந்த வாய் மாதிரி தெரியும். இந்தத் தொடர் முடியட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்மா."

அத்தை குளியலறைச் சோப்பைத் தேய்த்துக்கொண்டு போனாள். கச்சேரிக்குக் கச்சேரி ஊமையாக வாசித்தாள். பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பக்கம் புரட்டிக் கொடுத்தாள். பல வருடங்களாக ஒரே தாளைப் பார்த்து வாசித்தவர்கள். அவர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். குழுவில் மற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

வீட்டிலும் ஆறுதல் இல்லை. "சத்தமே போடாம இருக்கறதுக்கு மேடை குடுக்கறாங்களா? நான் அதை இந்த வீட்ல சும்மாவே பண்றேனே," என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கேட்கச் சகிக்காமல் மாமா டிவியைச் சத்தமாக வைத்தார்.

கடைசிக் கச்சேரியில் அதே சிம்பொனி. பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பழைய வில்லுக்கு ரோசின் தேய்த்து எடுத்துப்போனாள். சத்தம் போட்டு வாசித்தாள். அந்த அமைதி வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து நின்றாள். சுத்தமான அமைதி. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பி அவள் வில்லைப் பார்த்தார்.

முடிந்ததும் நடத்துநரே மேடைக்குப் பின்னால் தேடி வந்தார்.

"இன்னிக்குத்தான் இரண்டாம் வயலின் உருப்படியா இருந்தது. உங்களுக்கு நன்றி சொல்லணும்மா. நீங்க சும்மா இருந்ததாலதான்."

"சார், இன்னிக்கு நான் வாசிச்சேன். இது வேற வில்லு."

அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பினார். "உங்களுக்குக் கேட்டுதா?"

அவர் வயலினைப் பெட்டியில் வைத்துத் துணியால் போர்த்தினார். குழந்தையைத் தூங்க வைப்பதுபோல நிதானமாகப் போர்த்தினார்.

"நான் கவனிக்கல சார்."

"பக்கத்துல இருக்கறவருக்கே கேக்கல," என்றார் நடத்துநர், கோபமே இல்லாமல். "நீங்க வாசிச்சாலும் ஒண்ணு, வாசிக்காட்டியும் ஒண்ணுன்னா, அந்த நாற்காலி எதுக்கு?"

மறு கோடையில் கச்சேரியை டிவியில் பார்த்தோம். அதே சிம்பொனி. காலி இடம் எதுவும் தெரியவில்லை. கடைசி வரிசையில் நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலிக்காரர் தன் பக்கத்தைத் தானே புரட்டினார். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

அந்த இடம் நெருங்கியபோது அத்தை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். உடம்பை முன்னால் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர் தவற மாட்டாரா என்று அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

யாரும் தவறவில்லை.