பிள்ளையில்லாத பேறுகாலம்

ஜெர்மனியில் டாக்டரைப் பார்க்கப் போனால், காத்திருக்கும் அறைக்குள் நுழைகிறவர்கள் முன்பின் தெரியாத எல்லோருக்கும் பொதுவாக ஒரு ‘குட்டன் டாக்’ சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். இருப்பவர்களும் பதிலுக்கு முணுமுணுப்பார்கள். அதோடு சரி. அப்புறம் யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எங்கள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிகளில் இதற்கு நேர்மாறு. உள்ளே வருகிறவர் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்த உடனே பக்கத்தில் இருப்பவர் “மேலுக்கு என்ன செய்யுது?” என்று ஆரம்பித்துவிடுவார். நம் டோக்கன் வருவதற்குள் நம் வியாதி பெஞ்சு முழுக்கத் தெரிந்துவிடும். ஆளுக்கொரு மருந்தும் சொல்லியிருப்பார்கள். அந்த ஜெர்மன் அறைக்கு நான் பல வருஷம் போய் வந்தேன். ஒருவர்கூட என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அது மரியாதை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் யாராவது கேட்டுத் தொலைத்தால் என்ன என்று ஏங்கியிருக்கிறேன்.

எனக்கு அங்கே ட்ராம் ஓட்டும் வேலை. தண்டவாளத்தில் ஊருக்குள் ஓடும் மின்சார வண்டி. பேச்சியம்மாள் என்ற என் பெயர் அவர்கள் வாயில் ‘பெட்சி’ ஆகிவிட்டது. சீருடை போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, அத்தனை பெரிய வண்டியை ஆற்றுப் பாலத்தின் மேல் கொண்டு போகும்போது எனக்கு வரும் கர்வத்தை நான் மறைத்ததே இல்லை. திருநெல்வேலி டவுனில் சைக்கிள் ஓட்டினதற்கே ஏச்சு வாங்கின பெண் நான். ஆனால் நாற்பதைத் தாண்டியதும் கர்ப்பப்பையில் கட்டிகள் வளர்ந்தன. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. ட்ராமில் ஒரு கடைசி நிறுத்தத்தில் கிளம்பினால் மறு கடைசி வரை எழுந்திருக்க முடியாது. கழிப்பறை அங்கேதான். கறுப்புக் கால்சட்டை, இரண்டு அடுக்குத் துணி, அதற்கு மேல் ஒரு துண்டு என்று எல்லா ஏற்பாட்டோடும் போவேன். வேலை முடிந்து எழுந்ததும் திரும்பி இருக்கையைப் பார்ப்பேன். இந்தப் பாடு பட்ட பெண்களுக்கு அந்தத் திரும்பிப் பார்த்தல் என்னவென்று தெரியும்.

ஒருநாள் கறை இருந்தது. எனக்கு அடுத்து வண்டியை எடுக்க ஹெல்முட் ஏறிவிட்டார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த, சிரிக்கத் தெரியாத மனிதர். பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கழுத்துத் துணியை உருவி இருக்கையைத் துடைக்கிறேன், துடைக்கத் துடைக்க அது பரவுகிறது. அவர் தன் மேல்சட்டையைக் கழற்றி இருக்கையில் விரித்தார், உட்கார்ந்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நிறுத்தத்தில் நின்று அழுதேன். அவமானத்தில் பாதி, அந்த மனிதர் செய்ததை நினைத்துப் பாதி.

அதற்குப் பிறகு மேலதிகாரி கூப்பிட்டார். ரத்தம் குறைந்து மயக்கம் வருகிற நிலையில் வண்டி ஓட்டவிட முடியாது என்றார். நியாயம்தான். சரியாகாவிட்டால் தொலைந்த பொருட்கள் அறையில் வேலை தருவதாகச் சொன்னார். பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்கும் ஒற்றைக் கையுறைகளுக்கும் காவல் இருக்க வேண்டும். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு என்னையே அந்த அலமாரியில் வைத்ததுபோல இருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று முடிவானது. ஜெர்மன் டாக்டர், ஆபரேஷன் முடிந்து சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். என் கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி வேறு தேசத்தில் இருப்பார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றைக்கே மதினிக்குப் போன் செய்தேன். என் அண்ணன் மனைவி. நான் பள்ளிக்கூடம் படிக்கையில் எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்கு ரெட்டைச் சடை போட்டுவிட்டவர்.

“ஏளா பேச்சி, அங்கன தனியா கெடந்து என்னத்துக்குச் சீரழியுத? பொறப்பட்டு இங்கன வா. நான் பாத்துக்கிடுதேன்” என்றார். இருந்த லீவையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

உடனே கத்தி வைக்க முடியாது, ரத்தம் ஏற வேண்டும் என்றார் பாளையங்கோட்டை டாக்டரம்மா. மாத்திரை ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம், மதினியின் முருங்கைக்கீரை ஒரு பக்கம். கீரையைத் தின்று தின்று எனக்கே இலை துளிர்த்துவிடும் என்று பயந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருநாள் பக்கத்தில் இருந்த அம்மாள் வழக்கம்போல விசாரித்தார். எனக்குப் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் கன்னத்தில் கை வைத்தார்.

“அடப்பாவமே, ஒண்ணுகூட இல்லாமயா எடுக்கப் போறீய?”

கேட்க மாட்டார்களா என்று ஏங்கின எனக்கு, கேட்டால் எப்படி இருக்கும் என்று அப்போது நினைவு வந்தது. கல்யாணமான காலத்திலிருந்து இந்தக் கேள்வியிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பிள்ளைப்பேற்றுக்குக் காவல் நிற்கிற அம்மனின் பெயர் பேச்சி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் வெறும் வயிற்றோடு இருந்ததை ஊரில் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. மதினிதான் பதில் சொன்னார்.

“பிள்ளைக்காச்சும் ஆகும்னு இத்தன வருசம் விட்டு வச்சோம். இவ ரத்தத்தக் குடிச்சதுதான் மிச்சம். இனியும் அத வச்சுக் கொஞ்சவா சொல்லுதீய?”

அந்த அம்மாள் அப்புறம் எனக்கு ஒரு சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார்.

ஆபரேஷன் அன்று காலை மெட்டியைக் கழற்றினார்கள், நகச்சாயத்தை அழித்தார்கள். தாலியை மதினி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகு நடந்தது மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த உறுப்பைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஜெர்மனியில் இதைச் சொன்னால் போலீசைக் கூப்பிடுவார்கள். நர்ஸ் வந்து கூப்பிட்டதும் என் அண்ணன், “எனக்குத் தல சுத்துது” என்று டீக்கடைக்குப் போய்விட்டான். மதினி போய்ப் பார்த்தார்.

“ஒரு சின்னத் தேங்கா கணக்கா இருந்துச்சு. அங்கங்க முண்டு முண்டா கட்டி. இதச் சொமந்துக்கிட்டா அந்தப் பெரிய வண்டிய ஓட்டுனான்னு எனக்கு அழுக வந்திட்டு.”

அழுதுவிட்டுச் சும்மா வரவில்லை. அதைத் தரும்படி கேட்டிருக்கிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளின் நஞ்சுக்கொடியும் எங்கள் பின்வாசல் தென்னையடியில்தான் புதைந்திருக்கிறது. பெண்ணின் வயிற்றிலிருந்து வந்தது எதுவானாலும் வீட்டு மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றாள் நர்ஸ். “அப்ப அவுக பாத்து முடிச்சதும் தாங்க” என்று விடாமல் நின்றிருக்கிறார். தரவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்கிற முடிவு மட்டும் வந்தது. ஜெர்மனிக்குத் திரும்ப நான் டிக்கெட் எடுத்திருந்தேன், அது எடுக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஏதோ ஒரு ஜாடியில் தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. கர்ப்பப்பை எடுத்த பெண்ணுக்கு என்ன பத்தியம் என்று மதினிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே பத்தியம் பிள்ளை பெற்றவளுக்கு உள்ளது. ஆகவே எனக்குப் பேறுகாலம் பார்க்க ஆரம்பித்தார். தன் பழைய நூல் சேலையைக் கிழித்து என் வயிற்றைச் சுற்றிக் கட்டினார். காதை மூடித் துணி. சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்து, உடன்குடிக் கருப்பட்டி சேர்த்து, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டின பேறுகால மருந்து காலையில் ஒரு உருண்டை. மத்தியானம் பூண்டுக் குழம்பு. சாயங்காலம் உளுந்தங்களி. தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பது மதினி சட்டம், நிறையக் குடிக்க வேண்டும் என்பது டாக்டரம்மா சட்டம். மதினி குளிக்கப் போகும் நேரமெல்லாம் நான் டாக்டரம்மா பக்கம். ஒருநாள் புன்னக்காயலிலிருந்து வரும் மீன்காரியிடம் சொல்லிவைத்து வாங்கின சுறாவில் புட்டு செய்து நீட்டினார்.

“மதினி, சுறாப்புட்டு பால் ஊறதுக்குல்லா குடுப்பாவ?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப? பேறுகாலம்னு ஆரம்பிச்சா ஒண்ணு விடாம செய்யணும். தின்னு.”

சிரித்தேன். தையல் இழுத்தது. இழுத்த வலியோடு அழவும் செய்தேன். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்து, வயிறு கட்டி, மருந்து தின்று படுத்திருப்பது எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. எனக்கு மட்டும் இல்லை என்று நினைத்துத்தான் ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது என்னைத் தேடி வந்துவிட்டது. மதினி தப்பாகத்தான் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தப்பைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

மருந்து வாசனை தெரு முழுக்கப் போயிற்று. மகன் வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த எதிர்வீட்டுக் கோமதியக்கா, என் ஆபரேஷனைப் பற்றி எதுவும் அறியாமல், பிள்ளைகளுக்குப் போடும் சோப்பு ஒன்றோடு வாசலில் வந்து நின்றார்.

“மருந்து மணக்குதே. யாருக்கு? என்ன பிள்ள பொறந்திருக்கு?”

நான் உள்ளே படுத்திருந்தேன். மதினி என்ன சொல்வார், எப்படி மழுப்புவார் என்று காது துணியை விலக்கிக்கொண்டு கேட்டேன். மதினி மழுப்பவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை.

“நம்ம பேச்சிக்கு. கர்ப்பப்பைய எடுத்தாச்சி. அவளேதான் மறுபடி பொறந்திருக்கா. உள்ள கெடக்கா, போய்ப் பாத்துட்டு வாங்க.”

கோமதியக்கா வந்தார். பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் செய்வதுபோலவே என் தலையைத் தடவி நெட்டி முறித்துவிட்டு, சோப்பைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் வேலைப் பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரு கட்சி. வயிறு கிழித்தவள் வண்டி ஓட்டுவதாவது என்றான் அண்ணன். இடுப்பு தேய்ந்துவிடும், அந்தக் குடை அறைதான் உனக்கு லாயக்கு என்றார்கள் பார்க்க வந்தவர்கள். மதினியும் தலையாட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி வண்டி ஓட்டுவதற்காகத்தான் அங்கிருந்து இங்கே வந்து படுத்திருக்கிறேன். அன்று மதினி வயிற்றுச் சேலையை இறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“மதினி, நீங்கதான இதப் பேறுகாலம்னீய? பேறுகாலம்னா அதுக்கு ஒரு முடிவு உண்டுல்லா? தலைக்குத் தண்ணி விட்டு எந்திரிச்சா பிள்ள பெத்தவ எல்லா வேலையும் செய்யுதா. நீங்க வயலுக்கே போனீய. சீக்காளிக்குத்தான் முடிவே கெடையாது. நான் பிள்ள பெத்தவளா, சீக்காளியா? ஒண்ணச் சொல்லுங்க.”

மதினி முடிச்சைப் போட்டு முடித்தார். அடுத்த நாளிலிருந்து காலையில் என்னை நடக்கக் கூட்டிப் போனார். முதலில் தெருமுனை வரை, பிறகு பஸ் நிறுத்தம் வரை, பிறகு வயல் ஓரமாக வாய்க்கால் மதகு வரை. “பைய, பைய” என்று சொன்னவர், போகப்போக எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்தார். காயம் நன்றாக ஆறிவிட்டது, ரத்தமும் ஏறிவிட்டது, இனி முங்கிக் குளிக்கலாம், வண்டியும் ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள், அண்ணன் ஆட்டோவில் எங்களைத் தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைக்குக் கொண்டு விட்டான். தண்ணீரில் மிதக்கும் அமலைச்செடி ஒதுங்கிய இடமாகப் பார்த்து இறங்கினோம். ரத்தப்போக்குக்குப் பயந்து எத்தனையோ லீவுகளில் நான் கரையோடு நின்றுவிட்ட ஆறு. தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மதினி கோமதியக்காவின் சோப்பைப் போட்டு என் முதுகைத் தேய்த்தார்.

“மூணு முங்கு முங்கி எந்திரி.”

முங்கினேன்.

“ஆச்சி. பேறுகாலம் முடிஞ்சிட்டு. இனி போயி ஒன் வண்டிய எடு.”

ஜெர்மனிக்கு வந்ததும் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் சரி என்றால்தான் வண்டி. சட்டையை உயர்த்தியவர் சேலைக்கட்டைக் கண்டு நிமிர்ந்தார். இனி அது தேவையில்லைதான், ஆனால் அது இல்லாமல் எனக்கு நிற்க வரவில்லை. மருந்துக் கடையில் விற்கும் இடுப்புப் பட்டை என்று நினைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறதே, எந்தக் கம்பெனி என்று கேட்டார். என் அண்ணன் மனைவி என்றேன். அவர் எதையும் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்த முடிவுகளைப் பார்த்தார், “ஃபாரன் ஸீ” என்றார். ஓட்டுங்கள்.

முதல் நாள். மேலே கம்பெனிச் சீருடை, உள்ளே மதினியின் சேலை. ட்ராம் பாலத்தின் மேல் ஏறியபோது ஒரு கை விசையில் இருந்தது, இன்னொரு கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று. கீழே ஓடுவது தாமிரபரணி இல்லை. இங்கே இருக்கும் மீதியும் நான், ஜாடியில் இருப்பதும் நான், தாயும் பிள்ளையும் நலம் என்பதுபோல இரண்டும் நலம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கடைசி நிறுத்தத்தில் கழிப்பறைக்கு ஓடவில்லை. இறங்கி நின்று கருப்பட்டித் துண்டை வாயில் போட்டு வெயில் காய்ந்தேன்.

என் நேரம் முடிந்ததும் ஹெல்முட் ஏறினார். பழைய வழக்கம், எழுந்து திரும்பி இருக்கையைப் பார்த்தேன். நீலத் துணி சுத்தமாக இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். ‘குட்டன் டாக்’ சொன்னார். பிறகு தன் மேல்சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, எதையும் விரிக்காமல் அப்படியே உட்கார்ந்தார்.