கதவுச் சத்தம்

ஆடம்பரக் காரை எதை வைத்து அடையாளம் காண்பது என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி வாக்குவாதம் நடக்கும். கார் வடிவமைப்பு என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன். முகப்பு என்பார் ஒருவர், விளக்கு என்பார் இன்னொருவர், முத்திரை ஒன்றே போதும் என்பார் மேலாளர். நான் கதவு என்பேன்.

எனக்கு எட்டு வயதில், அத்தையின் கல்யாணம் கரையான்சாவடி மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குச் சிறகு முத்திரை போட்ட சொகுசுக் கார் வராவிட்டால் பிள்ளை கோயிலைவிட்டு நகர மாட்டான் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். அப்பா தலையாட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். காட்டுப்பாக்கத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்த சித்தப்பாதான், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவர் பார்த்துக்கொண்டது இப்படி. காயலான் கடையில் கிடந்த ஒரு சொகுசுக் காரின் முகப்பையும் சிறகையும் கழற்றி, நண்பரின் நீளமான கறுப்புக் காரில் கட்டுக்கம்பியால் பொருத்தினார். இடைவெளிகளை ரோஜா மாலை மறைத்தது. பின்னால் இருந்த பெயரின்மேல் தெர்மாகோல் இதயம். ஸ்டீயரிங் நடுவில் இருந்த அசல் முத்திரையில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

கோயில் வாசலில் பேண்டு முழங்கியது. முன் இருக்கையில் பூத்தட்டோடு நான். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு முதலாளியிடம் அதே சிறகுக் காரைத்தான் ஓட்டுகிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணே, நீதான் தெனிக்கும் அந்த வண்டில குந்திகினு கீற. இது அதானா, பாத்து சொல்லு."

மாப்பிள்ளையின் அம்மா தன் அண்ணனிடம் இப்படிச் சொன்னதும் பேண்டு நின்றுவிட்டது. அந்தப் பெரியவர் காரைச் சுற்றி வந்தார். முகப்பை விரலால் தொட்டார். அது லேசாக ஆடியது. சித்தப்பா மாலையைச் சரிசெய்வதுபோல் அதைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் பின்கதவைத் திறந்து சாத்தினார். தகர டப்பாவை மூடியதுபோல் ஒரு சத்தம். அவர் சித்தப்பாவைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், கடைசியாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"இன்னாண்ணே?"

"அதே வண்டிதாம்மா. எங்க மொதலாளி வண்டிய விட சோக்கா கீது. ஏறு நைனா. கதவாண்ட மட்டும் ஒருத்தரும் கை வெக்காதீங்கோ. நானே தொறக்கிறேன், நானே சாத்துறேன்."

மாப்பிள்ளை ஏறியதும், தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் இரண்டு கையாலும் கதவைச் சாத்தினார். வழியெல்லாம் அதை ஒட்டியே நடந்து வந்தார். எனக்குக் கோபம் பொங்கியது. எங்கள் வண்டியில் இவருக்கென்ன அதிகாரம்?

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா காருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் குதித்து இறங்கி, முழு பலத்தோடு கதவை அறைந்தேன். பெரியவர் பாய்ந்து குறுக்கே கையைக் கொடுத்தார். சத்தமே வரவில்லை. ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"எறங்கிட்டியா கண்ணு? உள்ள போ."

வலக்கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

பந்தியில் அவர் மட்டும் ஸ்பூன் கேட்டு வாங்கி, இடக்கையால் சாப்பிட்டார். பரிமாறிக்கொண்டிருந்த சித்தப்பாவை இழுத்துக் காட்டினேன்.

"பெரிய காரு ஓட்டுறாருல்ல, திமிரப் பாரு சித்தப்பா."

நான் எது சொன்னாலும் சிரிப்பவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. வடைத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக அந்த இலைக்குப் போனார். வைத்துவிட்டுத் திரும்பியவர், மறுபடியும் அங்கேயே போனார். ஒரே இலைக்கு இத்தனை வடையா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.